ஏழு நாள் ஜமீன்!

“வாழ்த்துகள் ஐயா! எங்கள் குலுக்கலில் தங்கள் பெயர் விழுந்திருக்கிறது. வருகிற ஞாயிறு மாலை துணைவியாரையும் அழைத்துக்கொண்டு வந்து பரிசைப் பெற்றுச் செல்லுங்கள். விற்பனை ஏதும் இல்லை. ஒரே ஒரு மணி நேரம். வரும்போது வங்கி அட்டையை மட்டும் மறந்துவிடாதீர்கள்!”

பரிசளிக்கும் வள்ளலுக்குப் பரிசு பெறுபவரின் வங்கி அட்டை எதற்கு, தோழரே? முல்லைக்குத் தேர் ஈந்த பாரி, முதலில் முல்லைக்கொடியின் கணக்கில் இருப்பு எவ்வளவு என்று விசாரித்ததாகக் கதையில்லை! ஆயினும், தாம்பரத்திலும் சேலையூரிலும், குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும், சிட்லபாக்கத்திலும் பெருங்களத்தூரிலும் இந்தத் தொலைபேசிக் குரலைக் கேளாத தெரு அரிது. துணிக்கடை வாசலிலும் பெட்ரோல் பங்க்கிலும் வைத்திருந்த பெட்டியில், பெயரும் எண்ணும் எழுதிப் போட்ட துண்டுச் சீட்டுத்தான் அந்தக் குரலுக்கு வழிகாட்டி. அழைத்த இடத்துக்குப் போகிறவர்களில் சிலர், பரிசாகக் கிடைத்த ஹாட்பாக்ஸோடு, இரண்டு மூன்று லட்ச ரூபாய்க் கடனையும் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறார்கள்.

டைம்ஷேர் என்பது அந்தச் சரக்கின் பெயர். ‘விடுமுறை உறுப்பினர் திட்டம்’ என்றும் சொல்வார்கள். ஆண்டுக்கு ஏழு நாள், இருபத்தைந்து ஆண்டுக் காலம், மலையிலோ கடலோரத்திலோ உள்ள விடுதிகளில் ஓர் அறை உமக்கு. அதற்கான பணத்தை இன்றே தருக, இல்லையேல் தவணை முறியில் கையெழுத்திடுக என்பது பேரம். ஜமீன்களை ஒழிக்க 1948-ஆம் ஆண்டிலேயே சட்டமியற்றிய மாநிலம் இது. அந்த மாநிலத்தில் இருந்துகொண்டு, மின்சார ரயிலில் நின்றபடியே முப்பது ஆண்டு பயணம் செய்த குமாஸ்தாவைப் பார்த்து, “உம்மை ஏழு நாள் ஜமீன்தார் ஆக்குகிறோம்” என்கிறார்கள். பாவம், அவர் என் செய்வார்? ஏழு நாளாவது இருந்து பார்ப்போமே என்று எண்ணுகிறார்!

தொழிலே திருட்டு என்று நான் கூறவில்லை. 1960-களில் பிரான்சு நாட்டு ஆல்ப்சு மலைச் சரிவில் துளிர்த்த முறை இது. இந்தியாவுக்கு வந்தபோது முதலில் வேர்விட்ட ஊர்களில் நம் சென்னையும் ஒன்று. ஸ்டெர்லிங் நிறுவனம் இங்கே 1986-இல் தொடங்கிற்று. 1996-இல் மகிந்திரா நிறுவனமும் இத்துறையில் இறங்கிற்று. ஆண்டுதோறும் போய்வந்து, அறையும் கிடைத்து, குறையொன்றும் காணாத குடும்பங்களும் உண்டு. என் வழக்கு, மண்டபத்தில் நடக்கும் அந்த மூன்று மணி நேரத்தின் மீது.

ஒரு மணி என்று அழைத்தார்களே, அது மூன்று மணியாகும். காதைப் பிளக்கும் இசை. வட்ட மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு தம்பதி, எதிரே கழுத்துப்பட்டை அணிந்த ஓர் இளைஞர். “சார், பிள்ளைகளை வெளியூர் அழைத்துப் போய் எத்தனை ஆண்டு ஆயிற்று?” என்று தொடங்குவார். தந்தை தலை குனிவார். அந்தத் தலைகுனிவுதான் முதல் முதலீடு! பிறகு படங்கள்: உதகை, கொடைக்கானல், மூணாறு, கோவா, ஏன், தாய்லாந்தும் கூட. இடையிடையே எங்கோ ஒரு மேசையில் கைதட்டல்: “புதிய உறுப்பினரை வரவேற்கிறோம்!” தயங்கினால் மேலாளர் வருவார். ஐந்து லட்சம் என்ற விலை நான்காகும், மூன்றாகும். “இந்த விலை இன்று இரவு மட்டும். நாளை வந்தால் நான் தர இயலாது.” யோசித்துச் சொல்கிறேன் என்றால், “மேடத்துக்குப் பிடித்திருக்கிறது, சாருக்குத்தான் மனம் வரவில்லை” என்று கணவன் மனைவிக்கிடையே கோடு கிழிப்பார்கள். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்ற நிலைக்கு ஆளான மனிதர், அட்டையை எடுத்து மேசைமேல் வைக்கிறார்.

(எதிரே அமர்ந்து பேசும் அந்த இளைஞர் மீது எனக்குச் சினமில்லை. பட்டம் பெற்று வேலை கிடைக்காமல், தலைக்கு இத்தனை கையெழுத்து என்ற கட்டளைக்கு உட்பட்டு, கமிஷனை நம்பிப் பிழைப்பவர் அவர். இரை பிடிக்கும் தூண்டிலில் அவரும் ஒரு முள். கழியைப் பிடித்திருக்கும் கை வேறு எங்கோ இருக்கிறது.)

மறுநாள் தாளைப் படிக்கிறார் நம்மவர். எறும்பெழுத்தில், ஆங்கிலத்தில், பல பக்கம். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்றார்கள். ‘இடமிருந்தால் மட்டும்’ என்கிறது தாள். பருவங்களுக்கு ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் பிரித்திருக்கிறார்கள். பள்ளி விடுமுறையான ஏப்ரலும் மே மாதமும் விலை உயர்ந்த நிறத்தில் அடங்கும். இவர் வாங்கியதோ மழைக்கால நீலம்! நிறங்களைக் காட்டி வாக்கு வாங்குவோரை அறிவோம், தோழரே. நிறங்களைக் காட்டி விடுமுறை விற்போரும் இருக்கிறார்கள். போனாலும் போகாவிட்டாலும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் கட்டியாகவேண்டும், அது ஏறிக்கொண்டும் போகும் என்று இன்னொரு பக்கத்தில் இருக்கிறது. வேண்டாமென்றால் விற்றுவிடலாம் என்றாரே அந்த இளைஞர்? திருப்பி வாங்கும் கடமை நிறுவனத்துக்கு இல்லை. இவற்றுக்கெல்லாம் சிகரம் வைத்தாற்போல் கடைசிப் பக்கத்தில் ஒரு வாசகம்: வாய்மொழியாகக் கூறப்பட்ட எதற்கும் நிறுவனம் பொறுப்பன்று. அதாவது, மூன்று மணி நேரம் வாயால் விற்றார்கள். விற்றது வாய்மொழி, ஆகவே செல்லாது என்று தாளால் துடைத்தார்கள்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ரயில்வே ஓய்வூதியர் மூன்று லட்சம் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். அதே பணம் வங்கியில் நூற்றுக்கு ஏழு வட்டியில் கிடந்தால் ஆண்டுக்கு 21,000 ரூபாய் வரும், முதல் கரையாது. பராமரிப்புக் கட்டணம் 15,000 என்று கொள்வோம். ஆக, ஆண்டுக்கு 36,000. ஏழு நாள் என்பது ஆறு இரவு. இரவொன்றுக்கு 6,000 ரூபாய்! சோறு தனி, ரயில் கட்டணம் தனி. இருபத்தைந்து ஆண்டு முடிகையில் அந்த மூன்று லட்சமும் இராது. ஒரு வருடம் மூட்டுவலி வந்து போகாவிட்டால், அந்த வருடத்துப் பணம் பனியாகக் கரையும். அரசுக்குச் சொந்தமான சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971 முதல் இயங்குகிறது; உதகையிலும் கொடைக்கானலிலும் ஏற்காட்டிலும் அதற்கு விடுதிகள் உண்டு. தேவைப்பட்டபோது அங்கே ஓர் அறையை வாடகைக்கு எடுக்க எந்த ஒப்பந்தமும் வேண்டியதில்லை. (அவற்றின் குளியலறைக் குழாய்களை ஒழுங்காக வைத்திருந்தால், பாதி எத்தர்களுக்கு வேலையிராது என்பதையும் ஆள்வோர் காதில் போட்டு வைக்கலாம்.)

இந்த இடத்தில் நம் தோழர்களிலேயே சிலர் குறுக்கிடுவார்கள். அவர்கள் குரல் என் காதில் விழுகிறது. “குடிசைக்குக் கூரையில்லாதவன் ஆயிரம் பேர் இருக்க, கொடைக்கானலுக்குப் போக முடியாதவனுக்காகவா கட்சி ஏட்டில் கட்டுரை? மெத்தப் படித்தவன் பேராசைப்பட்டான், அனுபவிக்கட்டும்!”

நன்று. ஆனால் ஏமாந்தவர் யார் என்று பாருங்கள். சீமான் டைம்ஷேர் வாங்குவதில்லை. அவனுக்கு உதகையில் மாளிகையே இருக்கிறது. அடிமட்டத் தொழிலாளியும் வாங்குவதில்லை. அவரிடம் கடன் அட்டை இல்லை என்பதால் அவருக்குக் குலுக்கலில் பரிசே விழாது! அகப்படுபவர் இடையில் இருப்பவர். ரயில்வேயில் உழைத்து ஓய்ந்தவர், விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்றவர், மெப்ஸ் வளாகத்துத் தொழிற்சாலையில் இரவு முறை பார்க்கும் கண்காணிப்பாளர், பள்ளி ஆசிரியை. வாழ்நாளில் ஒருமுறையேனும் பிள்ளைகளுக்கு மேகம் தொடும் மலையைக் காட்டவேண்டும் என்று விரும்பியதா பேராசை? வெள்ளைக்காரக் கவர்னர் கோடை வந்தால் துரைத்தனத்தையே மூட்டை கட்டிக்கொண்டு ஏறிய மலையல்லவா உதகை! அந்த மலையில் ஆறு இரவு தூங்க ஆசைப்படக் குமாஸ்தாவுக்கு உரிமை இல்லையா?

உரிமை உண்டு, தோழரே. அதுவும் சும்மா வந்ததன்று. எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு என்று உலகத் தொழிலாளர் இரத்தம் சிந்திக் கேட்டனர். அந்த மே நாளை, 1923-ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரையில் கொடியேற்றிக் கொண்டாடினார் சிங்காரவேலர். இந்தியாவில் அதுவே முதல் மே நாள் விழா. சம்பளத்துடன் ஆண்டு விடுப்பு என்பதை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஏற்றது. அதே 1948 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பேரவை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனம், ஓய்வும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் மனிதனின் உரிமை என்று தன் 24-ஆம் விதியில் பொறித்தது. போராடிப் பெற்ற ஓய்வை, பெற்றவரிடமே மூன்று லட்சத்துக்கு விற்கிறார்கள். விற்றபின் ‘இடமில்லை’ என்கிறார்கள். இது நம் வேலையன்று என்றால், எது நம் வேலை?

ஆங்காங்கே சிலர் ஏமாந்தனர், அவ்வளவுதானே என்று ஒதுக்கவும் முடியாது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட பான்கார்டு கிளப்ஸ் என்ற நிறுவனத்தின் கதையைக் கேளுங்கள். விடுதி அறை இரவுகளை விற்கிறோம் என்றார்கள். தங்காவிட்டால் முடிவில் பணமாக வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். தங்குவதற்கு வாங்கியோர் எத்தனை பேர்? பெரும்பாலோர் பணம் பெருகும் என்று நம்பிப் போட்டவர்களே. இது விடுமுறை வணிகமே அன்று, அனுமதியின்றி நடத்தப்பட்ட கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று கண்ட செபி அமைப்பு, 2016 பிப்ரவரி 29 அன்று பணத்தைத் திருப்பித் தர ஆணையிட்டது. திரட்டப்பட்ட தொகை 7,000 கோடி ரூபாய்க்கு மேல். பணம் போட்டவர் ஏறத்தாழ 50 லட்சம் பேர்! ஆணை பிறந்தது, பணம் பிறக்கவில்லை. சொத்துகளை ஏலம் விடும் படலம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. யானை வாய்க் கரும்பு என்பார்களே, அதுதான்.

ஏமாந்தவருக்குக் கதியே இல்லையா? உண்டு, அதை ஊரறியச் செய்வது உங்கள் பொறுப்பு. 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2020 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. முன்பெல்லாம் நிறுவனம் எங்கே இருக்கிறதோ அந்த ஊருக்கு அலையவேண்டும் என்று அச்சுறுத்துவார்கள். இப்போது, முறையிடுபவர் எங்கே வாழ்கிறாரோ அங்கேயே வழக்கிடலாம். தாம்பரத்துக்காரருக்குச் செங்கற்பட்டு மாவட்ட ஆணையம். தினமும் ஏறும் அதே மின்சார ரயில், திசைதான் தெற்கு! கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டதானால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. ஒரே நிறுவனத்தால் ஒரே விதமாகப் பலர் ஏமாந்திருந்தால் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து முறையிடவும் வழியுண்டு. நடுவர் தீர்ப்புக்குத்தான் போகவேண்டும் என்று தாளில் அச்சிட்டிருக்கிறார்களே என்று கலங்கவேண்டாம். அந்த வாசகம் நுகர்வோர் மன்றத்தின் கதவை அடைக்காது என்று உச்சநீதிமன்றம் 2018 டிசம்பரில் எமார் நிறுவன வழக்கில் தெளிவுபடுத்தியது. ஒருதலைப்பட்சமான ஒப்பந்த வாசகம் வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது, அதைத் திணிப்பதே முறையற்ற வணிகம் என்று 2019 ஏப்ரலில், வீடு கட்டி விற்ற ஒரு நிறுவனத்தின் வழக்கில் அதே நீதிமன்றம் கூறியிருக்கிறது.

ஆயினும், வழக்கு என்பது வெள்ளம் போனபின் போடும் அணை. மூன்று மாதத்தில் முடிக்கவேண்டும் என்பது ஏடு. ஆண்டுகள் உருளுவது நாடு. வாயால் சொன்னதற்குச் சாட்சி யார்? கணவனும் மனைவியும்தான். எதிரே கையெழுத்திட்ட தாள் நிற்கும். ஆகவே அணை முன்னதாகவே வேண்டும். பிற நாடுகள் கட்டியிருக்கின்றன.

இங்கிலாந்தில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம், டைம்ஷேர் வாங்கியவர் பதினான்கு நாளுக்குள் மனம் மாறி ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்றது. ஸ்பெயின் நாட்டுக் கடற்கரைகளில், சுரண்டினால் பரிசு என்று சீட்டு நீட்டி, வந்திறங்கிய ஓய்வூதியர்களை மண்டபத்துக்கு இழுத்துப் போன கூட்டம் பெருகியபோது, ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து 1994-இல் பத்து நாள் கெடு விதித்தன. 2009-இல் அதைப் பதினான்கு நாளாக நீட்டின. அந்தக் கெடு முடியும்வரை ஒரு காசு கூட வாங்கக்கூடாது என்ற தடையும் உண்டு. கவனியுங்கள், அந்தத் தடையில்தான் உயிர் இருக்கிறது. பணம் கைமாறிவிட்டால் ரத்து செய்யும் உரிமை காகிதப் பூ. பணம் கைமாறாவிட்டால் மண்டபத்து மாயம் மறுநாள் காலை காப்பியோடு கலைந்துவிடும்!

இந்தியாவில்? ஆயுள் காப்பீட்டுப் பாலிசி வாங்கியவர் படித்துப் பார்த்து வேண்டாமென்று திருப்பித் தர 30 நாள் கெடு உண்டு. 2024-ஆம் ஆண்டு விதி அது. டைம்ஷேருக்கென்று தனிச் சட்டமே இல்லை. சில நிறுவனங்கள் தாமாக முன்வந்து சில நாள் அவகாசம் தருவதுண்டு. அது அவர்கள் அளிக்கும் சலுகை, வாங்குபவரின் உரிமையன்று. தாளில் அந்த அவகாசம் எந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அவகாசம் தீர்ந்திருக்கும்!

டெல்லி சட்டம் செய்யட்டும், நாம் என்ன செய்யமுடியும் என்று கேட்பார்கள். 1990-களில் சென்னையில் நிதி நிறுவனங்களும் தேக்கு மரத் திட்டங்களும் வரிசையாகக் கவிழ்ந்து, 1998-இல் அனுபவ் நிறுவனமும் சாய்ந்து, ஓய்வூதியர்கள் தெருவில் நின்ற காட்சியை மூத்த தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது டெல்லியைப் பார்த்துக் கைகட்டி நிற்கவில்லை தமிழ்நாடு. 1997-இலேயே முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை நம் சட்டமன்றம் இயற்றிற்று. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் ஏது என்று வழக்காடினார்கள். 2011-இல் உச்சநீதிமன்றம், சட்டம் செல்லும் என்றது.

இன்றும் அதிகாரம் கையில் இருக்கிறது. ஒப்பந்தம் என்ற பொருள், அரசமைப்பின் பொதுப்பட்டியலில் 7-ஆம் இனம். மத்திய சட்டத்தோடு மோதுமென்றால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்று நம் சட்டம் நிற்கலாம். விடுதிகளும் விடுதி நடத்துவோரும் என்பது மாநிலப் பட்டியலிலேயே 31-ஆம் இனம்! சத்திரக்காரனைக் கட்டுப்படுத்தக்கூட டெல்லியைக் கேட்கவேண்டும் என்று அரசமைப்பை எழுதியவர்கள் கருதவில்லை. அவர்கள் தந்த அதிகாரத்தை எடுத்து ஆள நாம் ஏன் கூசவேண்டும்?

ஒரு சிறு சட்டம் போதும். தமிழ்நாட்டுக்குள் விற்கப்படும் எந்த விடுமுறைத் திட்டத்துக்கும் பதினான்கு நாள் ரத்து உரிமை. அந்நாளில் பணமோ அட்டைப் பதிவோ கூடாது. வாயால் சொன்ன வாக்குறுதி ஒவ்வொன்றும் முதல் பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு ஏறலாம் என்பதற்கு வரம்பு. பரிசென்று அழைத்து விற்பனை நடத்தினால் தண்டம். ஒழுங்காகத் தொழில் நடத்துவோருக்கு இதில் நட்டமொன்றுமில்லை. சரக்கு நல்லதானால் பதினைந்தாம் நாளும் விலை போகும்.

தாம்பரம், பல்லாவரம், சோழிங்கநல்லூர்த் தொகுதிக் கிளைகள் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக்கி, தத்தம் சட்டமன்ற உறுப்பினரிடம் நேரில் கொடுக்கட்டும். எந்தக் கட்சி உறுப்பினராயினும் கொடுக்கட்டும். அதுவரை, ஞாயிறுதோறும் படிப்பகத்தில் ஒரு மேசை போடுங்கள். நம் பகுதியில் இத்தகைய தாளைப் பெட்டியில் பூட்டி வைத்து, வெளியே சொல்ல வெட்கி, மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் உண்டு. “ஏமாந்தேன் என்று எப்படி ஐயா சொல்வது?” என்பதே அவர்களது பூட்டு. வீடு தேடிப் போங்கள். ஒப்பந்தம், ரசீது, வங்கிக் கணக்குத் தாள், வந்த குறுஞ்செய்திகள், பரிசென்று அழைத்த எண் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதல் புகாரைப் பதியச் செய்யுங்கள். செங்கற்பட்டுக்கான மனுவை எழுதத் தெரிந்த தோழர், தெரியாதவருக்கு எழுதித் தரட்டும். வழக்கிடும் கெடு, குறை எழுந்த நாளிலிருந்து இரண்டே ஆண்டு. ஆகையால் மேசைக்கு வரும் தாள்களில் பழைய தேதி உள்ளதை முதலில் கையில் எடுங்கள்.